சர்க்கார் முத்திரையும் சொந்தக் கடிதமும்

தமிழகத்தின் பிற மாவட்டங்களில் ‘அஞ்சல்’ என்பது தபால் என்ற சொல்லுக்கு ஈடாக வந்த நல்ல தமிழ்ச் சொல். குமரி மாவட்டத்தாராகிய நமக்கோ அது ஒரு பழைய சர்க்கார் துறையின் பெயர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதற்கு முன்பு நம் ஊர்கள் திருவிதாங்கூரையும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை. பிரிட்டிஷ் இந்தியத் தபாலுக்குப் புறம்பாக, திருவிதாங்கூர் சமஸ்தானம் தனக்கென்று ஒரு தபால் துறையை நடத்தியது. அதுவே அஞ்சல். மணி கட்டிய கோலுடன் ஓடிவரும் அஞ்சலோட்டக்காரனுக்கு வழிப்போக்கர்கள் ஒதுங்கி இடம்விட வேண்டும் என்பது அக்கால வழக்கம்.

இந்த அஞ்சல் முதலில் மக்களுக்காக ஏற்பட்டதன்று. சர்க்காரின் ஆணைகளையும் கச்சேரிகளின் ஓலைகளையும் கொண்டுசெல்வதே அதன் வேலை. 1860களில்தான் பொதுமக்களின் கடிதங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1888இல் சங்கு பொறித்த அஞ்சல்தலைகள் வெளிவந்தன. 1911 முதல், அதே தலைகளின் மேல் ‘ஆன் எஸ். எஸ்.’ என்ற எழுத்துகளை அச்சிட்டு, சர்க்கார் கடிதங்களுக்கென்று தனியே பயன்படுத்தினார்கள். சர்க்கார் பணியின் பொருட்டு அனுப்பப்படுவது என்பது அதன் கருத்து. 1951இல் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையோடு கலந்தது. சங்குத் தலைகள் இப்போது சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் இருக்கின்றன.

அந்தச் சிறிய எழுத்துகளை நாம் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். தலையில் உள்ள சங்கு ஒன்றே. ஓடுகிறவன் ஒருவனே. பையும் ஒன்றே. அந்தப் பைக்குள் சர்க்காரின் கடிதமும் குடிமகனின் கடிதமும் அருகருகே கிடக்கின்றன. பை சர்க்காருடையது என்பதால் உள்ளே இருக்கும் எல்லாக் கடிதமும் சர்க்காருடையது ஆகிவிடாது. பையை எடுத்துச் செல்லும் உரிமை ஒரு கச்சேரி அலுவலருக்கு உண்டு என்பதால், தம் வீட்டுக் கடிதத்தைச் சர்க்கார் செலவில் அனுப்பும் உரிமை அவருக்கு வந்துவிடாது. இந்த இரண்டையும் ஒருசேர நினைவூட்டவே அந்த அடையாளம் தேவைப்பட்டது.

இதை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் சென்னையிலும், துபாய், தோஹா, ரியாத் நகரங்களிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறையில் ஊர் வரும்போது மதரஸாப் பக்கம் வருகிறார்கள். “உஸ்தாது, கம்பெனி கொடுத்த போன்ல வீட்டுக்குப் பேசலாமா? அதுல நம்ம போட்டோ இருந்தா அவங்க பார்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். இது கைபேசியோடு பிறந்த கேள்வி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நம் முன்னோர் இதே கேள்வியைக் குதிரையின் முதுகிலும், விளக்கின் திரியிலும், தபால் பெட்டியின் சாவியிலும் சந்தித்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு மட்டும் நேர்ந்த சோதனையும் அன்று இது. இங்கிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் உறையின் மேல் கையொப்பமிட்டால் போதும், கடிதம் கட்டணமின்றிச் சென்றுவிடும். பொதுப்பணிக்காகத் தரப்பட்ட அந்தச் சலுகையில் அவர்கள் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள். 1840இல் ஒரு பென்னிக்கு எவரும் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தபோது அந்தச் சலுகை ஒழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் அரசுக் கடிதங்களுக்கென்று ‘சர்வீஸ்’ என அச்சிட்ட தலைகள் 1866இல் வந்தன. திருவிதாங்கூர் பின்னர் செய்ததும் அதுவே.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் ‘பரீத்’ என்னும் அரசுத் தபால் ஏற்பட்டது. அப்துல் மலிக் இப்னு மர்வான் அதைச் சீர்படுத்தினார். குறித்த தூரத்துக்கு ஒரு நிலையம். அங்கே மாற்று வாகனங்கள் தீனியுடன் தயாராக நிற்கும். களைத்த பிராணியை விட்டுவிட்டு, புதிய பிராணியில் ஏறித் தூதர் விரைவார். அது ஆட்சியின் செய்திகளுக்காக, பைத்துல்மாலின் செலவில் நடந்தது.

ஹிஜ்ரி 99இல், அதாவது 717இல், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் கலீஃபா ஆனார்கள். அவர்களின் துணைவியார் ஃபாத்திமா, பரீதைச் சீர்படுத்திய அதே அப்துல் மலிக்கின் மகள். ஒருநாள் கலீஃபா தேன் வேண்டும் என்று விரும்பினார்கள். வீட்டில் இல்லை. பிறகு ஃபாத்திமா அம்மையார் தேன் கொண்டுவந்து வைத்தார்கள். உண்ட பின், இது எங்கிருந்து வந்தது என்று கலீஃபா கேட்டார்கள். தம் பணத்தில் இரண்டு தீனார் கொடுத்து, பரீதின் வாகனத்தில் ஆள் அனுப்பி, ஷாம் பகுதியிலிருந்து வாங்கிவரச் செய்ததாக அம்மையார் சொன்னார்கள். எஞ்சிய தேனை வரவழைத்த கலீஃபா, அதை விற்கச் சொன்னார்கள். விற்ற பணத்தில் மனைவி போட்ட முதலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மிகுந்ததை முஸ்லிம்களின் பொது நிதியில் சேர்த்தார்கள். உமரின் ஆசைக்காக முஸ்லிம்களின் பிராணிகள் களைப்படைவதா என்பதே அவர்களின் வருத்தம். அறிவிப்புகளில் சிற்சில வேறுபாடுகள் உண்டு. சாரம் இதுவே.

பயான் மேடைகளில் இவரைப் பற்றிச் சொல்லும்போது விளக்குக் கதையோடு நிறுத்திவிடுகிறோம். இரவில் அரசுப் பணி முடிந்து சொந்த விஷயம் பேச நேர்ந்ததும், பைத்துல்மால் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துத் தம் சொந்த விளக்கை ஏற்றிய கதையைக் கேளாத பிள்ளை நம் மக்தபுகளில் இருக்காது. அது நல்ல பாடம்தான். ஆயினும் விளக்கைப் பிரிப்பது எளிது. ஒன்றை அணைக்கலாம், மற்றொன்றை ஏற்றலாம். தேனோ நம் கைபேசியைப் போன்றது. பணம் வீட்டுடையது, வாகனம் அரசுடையது, இரண்டும் சேர்ந்து ஒரே குடத்தில் கிடக்கிறது. கலீஃபா அந்தக் குடத்தைக் கொட்டிவிடவில்லை. முழுவதையும் பைத்துல்மாலுக்கு எழுதி, மனைவியின் இரண்டு தீனாரை விழுங்கவும் இல்லை. கணக்குப் பார்த்தார்கள். மனைவியின் முதல் மனைவிக்கு, பிராணியின் உழைப்பால் வந்தது பிராணியை வளர்க்கும் நிதிக்கு. கலந்துவிட்ட பொருளில் இருவருக்கும் உரிமை உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொள்கிறது. நம் கருத்தில், விளக்கைவிடத் தேன்தான் இன்றைய இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு.

மதீனாவின் ஆளுநராயிருந்த அபூபக்ர் இப்னு ஹஸ்ம் அவர்கள் எழுதுவதற்குக் கூடுதல் தாள் கேட்டபோது, பேனா முனையைக் கூராக்கி வரிகளை நெருக்கி எழுதுமாறு அதே கலீஃபா பதில் அனுப்பினார்கள் என்பதும் நூல்களில் உண்டு. இன்று அளவற்ற டேட்டா வந்த பிறகு எவரும் முனையைக் கூராக்குவதில்லை.

அப்படியானால் கம்பெனி போனில் உம்மாவுக்கு ஒரு ஸலாம் சொல்வதும் குற்றமா? இல்லை. ஃபிக்ஹு அறிஞர்கள் வழக்கத்துக்கு இடம் தருகிறார்கள். மக்களிடையே நிலைபெற்ற வழக்கம் எழுதிய நிபந்தனையைப் போன்றது என்ற கருத்தை, உஸ்மானியர் காலத்துச் சட்டத் தொகுப்பாகிய மஜல்லா ஒரு விதியாகவே பதிந்துவைத்தது. வேலைக்காரர் தம் வீட்டுக்குப் பேசிக்கொள்வார் என்பதை அறிந்தே இன்றைய நிறுவனங்கள் கைபேசியைக் கொடுக்கின்றன. அந்த அளவு அனுமதிக்குள் அடங்கியது. அதே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இரவு முழுவதும் படம் பார்ப்பதும், அந்த எண்ணை வைத்துச் சொந்த நிலத்தரகு நடத்துவதும் பரீதின் பிராணியைக் களைப்படையச் செய்கிற வகையைச் சேர்ந்தவை. நிறுவனம் வெளிப்படையாக அனுமதித்தால் அது வேறு.

இன்னொரு நுட்பமும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். திரும்பிவந்த அவர், இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இரண்டாகப் பிரித்து வைத்தார். அவர் தம் தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்டார்கள். ஆக, பிரித்து வைப்பது மட்டும் போதாது. சரியான இடத்தில் கோடு போடவும் வேண்டும். வேலையை விட்டு விலகும் சிலர், நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்களை எல்லாம் தம் சொந்தக் கைபேசிக்கு மாற்றிக்கொண்டு, இவர்கள் என் பழக்கத்தால் வந்தவர்கள் என்கிறார்கள். அந்த எண்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது வந்தவையா என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னது வேலைக்காரரின் கடமை. நம் சொற்பொழிவுகள் பெரும்பாலும் இந்தப் பாதியோடு முடிந்துவிடுகின்றன. கடை வைத்திருப்பவர்களும் தொழிற்சாலை நடத்துபவர்களும் முன் வரிசையில் அமர்ந்து தலையசைத்துக் கேட்பதற்கு இது வசதியாகவும் இருக்கிறது. மறுபாதியை அவர்களும் கேட்க வேண்டும்.

துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற கட்டளை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் இருக்கிறது. பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையக் கூடாது என்ற கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் இருக்கிறது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவைச் சுற்றிவரும்போது ஒரு வீட்டிலிருந்து பாட்டொலி கேட்டுச் சுவரேறிக் குதித்த நிகழ்ச்சியை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சொல்கிறார்கள். உள்ளே ஒருவன் மதுவோடு இருந்தான். நான் ஒரு பாவம் செய்தேன், தாங்கள் மூன்று செய்தீர்கள் என்றான் அவன். துருவி ஆராய்ந்தது, வாசலால் வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. கலீஃபா அவனைத் திருந்தச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அந்த ஊரே அவர்களின் ஆட்சிக்குட்பட்டது. ஆட்சி இருந்தும் சுவருக்கு உள்ளே நுழைய அது போதவில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிக்கு முன்பு, ஹாதிப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்கள் முஸ்லிம்களின் திட்டத்தைக் குறைஷிகளுக்குத் தெரிவித்து ஒரு கடிதம் எழுதி, ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்கள். நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களையும் வேறு சிலரையும் அனுப்பி, ரவ்ளத்து காக் என்ற இடத்தில் அக்கடிதத்தைக் கைப்பற்றச் செய்தார்கள். எந்தப் பெண், எந்த இடம், எந்தக் கடிதம் என்பது முன்னரே திட்டமாகத் தெரிந்திருந்தது. ஊரில் உள்ள எல்லாருடைய மூட்டைகளையும் பிரித்துப் பார்க்கச் சொல்லவில்லை. கடிதம் கிடைத்த பின்னும் எழுதியவரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். மக்காவில் இருந்த தம் குடும்பத்தின் பாதுகாப்புக்காகச் செய்தேன் என்ற அவரது பதிலைச் செவிமடுத்தார்கள். பத்ரில் கலந்துகொண்டவர் என்பதை எண்ணி மன்னித்தார்கள். ஒரு நிறுவனம் தன் ரகசியம் கசிகிறது என்று திட்டமாக அறிந்து தேடுவதற்கும், என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று எல்லாருடைய கைபேசியையும் மேய்வதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். குளச்சல், தேங்காய்ப்பட்டணம், திருவிதாங்கோடு, தக்கலை என எந்த ஊரை எடுத்தாலும், எழுபதுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆண்களின் வீடுகள் உண்டு. அக்காலத்தில் அந்நாடுகளில் பெரும்பாலும் தபால்காரர் வீடு தேடி வரும் முறை இருக்கவில்லை. கடிதங்கள் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் வந்தன. முகாமில் தங்கிய தொழிலாளிக்குச் சொந்தப் பெட்டி ஏது? ஆகவே நம் உம்மாமார்களும் மனைவிமார்களும் உறையின் மேல் ஆளின் பெயரை எழுதி, அடுத்த வரியில் கம்பெனியின் பெயரையும் அதன் பெட்டி எண்ணையும் எழுதினார்கள். பெட்டி கம்பெனியுடையது, சாவி அலுவலகப் பையனிடம், ஆனால் உள்ளே இருந்ததோ ஒரு பெண் தன் கணவனுக்கு எழுதியது. கம்பெனியின் பெட்டியில் வந்ததால் இது கம்பெனியின் கடிதம் என்று எந்த நிர்வாகமும் உரிமை கொண்டாடியதாக நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதில்லை. மேலே எழுதியிருந்த பெயரே அங்கே முத்திரை.

கடிதத்தோடு கேசட்டும் போய்வந்தது. எழுதத் தெரியாத பெரியவர்கள் டேப்ரிக்கார்டரின் முன் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வார்கள். ஊர் போகும் ஆள் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவார்கள். கொடுத்தனுப்பிய கேசட்டைப் போட்டுக் கேட்பது மானக்கேடு என்பதை அந்த ஆளுக்கு எவரும் பாடம் நடத்திச் சொல்லவில்லை.

கைபேசியில் இந்த மேலுறை மறைந்துவிடுகிறது. அது நடக்கும் விதத்தைச் சிறிது விளக்குவது குடும்பத்தாருக்குப் பயன்படும். நிறுவனம் தரும் கைபேசியில் மேலாண்மை மென்பொருள் ஒன்று இருக்கும். அதன் மூலம் நிர்வாகம் எந்தெந்தச் செயலிகள் உள்ளன என்று அறியலாம், கடவுச்சொல் விதிகளைக் கட்டாயமாக்கலாம், கைபேசி தொலைந்தால் தொலைவிலிருந்தே எல்லாவற்றையும் அழிக்கலாம். வாடிக்கையாளர்களின் விவரங்களைக் காக்க இது நியாயமாகத் தேவைப்படுகிறது. வாட்ஸ்அப் செய்திகள் வழியில் பூட்டப்பட்டுத்தான் செல்கின்றன. ஆனால் பூட்டு திறந்து அவை படிக்கப்படும் இடம் அந்தக் கைபேசியே. படங்கள் நிறுவனத்தின் கணக்கில் தாமாகவே சேமிக்கப்படும்படி அமைத்திருந்தால், வீட்டுக்குள் எடுத்த படமும் நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குப் போகும். பர்தாவைப் பேணும் ஒரு பெண்ணின் வீட்டுப் படம் அவள் அறியாமலே முன்பின் தெரியாத ஒரு கணினிப் பிரிவின் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. அதை எவரும் பார்க்காமல் இருக்கலாம். ஆனாலும் திரை விலகித்தான் கிடக்கிறது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒரு தனியார் நிறுவனத்தில் ஏழு ஆண்டுகள் பணியாற்றினார். வேறு வேலை கிடைத்து விலகல் கடிதம் கொடுத்தார். கடைசி நாளன்று மாலை, கைபேசியை ஒப்படைக்க மேசையில் வைக்கும் முன்பே அது தானாக அணைந்து, புதுப் பெட்டியிலிருந்து எடுத்ததைப் போல வெறுமையாகி எழுந்தது. அதில் அவருடைய வாப்பா மருத்துவமனையிலிருந்து அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. வாப்பா மவுத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. நிர்வாகம் வன்மத்தோடு செய்ததன்று. விலகுவோரின் பட்டியலில் பெயர் ஏறியதும் அழிக்க வேண்டும் என்பது அவர்களின் நடைமுறை. சட்டப்படி கைபேசி அவர்களுடையது. வாப்பாவின் குரல் யாருடையது என்ற கேள்வியை அந்த நடைமுறையை எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் வாப்பா எண்பதுகளில் சவூதியிலிருந்து பேசி அனுப்பிய ஒரு கேசட் மட்டும் அலமாரியில் எஞ்சியிருக்கிறது.

தொழில்நுட்பமே ஒரு வழியையும் தந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 2014 முதல் அலுவலகப் பகுதியைத் தனியே பிரிக்கும் வசதி உண்டு. அலுவலகச் செயலிகளின் மேல் ஒரு சிறு கைப்பெட்டிச் சின்னம் தெரியும். அலுவலக மின்னஞ்சல் அந்தப் பக்கம், குடும்பப் படங்கள் இந்தப் பக்கம். சங்குத் தலையின் மேல் அச்சிட்ட அந்த எழுத்துகளை நமக்கு நினைவூட்டியது இந்தச் சின்னம்தான். இவ்வாறு பிரித்தால், சொந்தப் பகுதியில் உள்ளவற்றை நிர்வாகம் பார்க்க இயலாது. ஆனால் கைபேசி நிறுவனத்துக்குச் சொந்தமானதாயின் முழுவதையும் அழிக்கும் அதிகாரம் அவர்களிடமே இருக்கும். பிரிக்காமல் முழுவதுமாக நிறுவனத்தின் மேலாண்மைக்குள் தரப்படும் கைபேசிகளும் பல.

நீதிமன்றங்களும் இதே கோட்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஆன்டாரியோ நகரக் காவல்துறை தன் அலுவலர்களுக்குப் பேஜர் கொடுத்தது. தனியுரிமையை எதிர்பார்க்காதீர்கள் என்று எழுத்தில் ஒரு விதி இருந்தது. கூடுதல் கட்டணத்தை நீங்களே கட்டிவிட்டால் செய்திகளைப் பார்க்கமாட்டோம் என்று மேலதிகாரி வாயால் சொன்னது வேறொன்று. பிறகு மாதாந்தர அளவு போதுமா என்று அறிவதற்காகச் செய்திகளைப் பார்த்தார்கள். பெரும்பாலானவை சொந்த விஷயங்கள். பணி நேரத்துக்கு அப்பாற்பட்ட செய்திகளை மறைத்துவிட்டே ஆராய்ந்ததையும் கருத்தில் கொண்டு, அந்தச் சோதனை நியாயமானதே என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ருமேனியாவில் ஒருவர், நிர்வாகம் கேட்டுக்கொண்டதால் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கில் தம் சகோதரரோடும் மணமகளாக இருந்தவரோடும் பேசினார். அவருக்கு எதிராக 45 பக்கங்களில் அந்த உரையாடல்களை நீட்டி, வேலையை விட்டு நீக்கினார்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கண்காணிப்பு எவ்வளவு ஆழமானது என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருந்தார்களா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்க்கத் தவறின என்பது அதன் முக்கியமான காரணங்களில் ஒன்று.

அதற்குச் சில நாள் முன்பு, 2017 ஆகஸ்டு 24 அன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காக்கவும், ஒப்புதல் கேட்காமலே பணியாளரின் தரவைக் கையாள அதன் 7ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே சட்டம் காக்கும் என்று கைகட்டி இருந்துவிட இயலாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம், வீட்டில் உள்ள சிறுவர்களும் பணியாட்களும்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டிய மூன்று வேளைகளைக் குறிக்கிறது: ஃபஜ்ருக்கு முன், உடை தளர்த்தும் நண்பகல், இஷாவுக்குப் பின். கைபேசியோ இம்மூன்று வேளைகளிலும் அனுமதி கேளாமல் தலையணை அருகே வந்து மேலாளரின் மின்னஞ்சலைக் கொண்டுவந்து வைக்கிறது. பணி நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017 முதல் சட்டமாக்கியது. நம் இல்லங்களில் அதற்குச் சட்டம் தேவையில்லை. இஷாவுக்குப் பின் அலுவலகப் பகுதியை அணைத்துவைக்க ஒரு பொத்தான் கைபேசியிலேயே உண்டு. அவசரப் பணிக்கென்று சம்பளம் பெறுபவர்களின் நிலை வேறு.

கைபேசியை வாங்கும் நாளிலேயே, என்னென்ன பார்ப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவாகாது. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிவைக்கச் சொன்ன மார்க்கம் இது. வாயால் சொன்னது காப்பாற்றாது என்பதற்கு ஆன்டாரியோ வழக்கே போதும். நம் சமுதாயத்தில் கடையும் நிறுவனமும் நடத்துவோர், தம் பணியாளர் கேட்கும் முன்பே அந்தத் தாளைக் கொடுக்கலாம். விலகுபவருக்குத் தம் சொந்தப் படங்களையும் குரல்களையும் எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் தரலாம். அதனால் எந்தத் தொழிலும் முடங்கிவிடாது.

பணியாளர் செய்ய வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. பலர் இதைக் கடைசி நாள்வரை நினைப்பதில்லை. கைபேசியோடு வந்த சிம் கார்டும் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். அந்த எண்ணையே ஆதாரிலும், வங்கிக் கணக்கிலும், உம்மாவின் கேஸ் இணைப்பிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் கொடுத்து வைத்திருப்பார்கள். அவற்றையெல்லாம் சொந்த எண்ணுக்கு மாற்றிய பிறகே ஒப்படைக்க வேண்டும். அடுத்து அந்த மேசையில் உட்காருபவரின் கைக்கு அதே எண் போகும். அப்போது வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யும் அவர் கைக்கே போகும்.